கராஜ் கதவு ரிமோட்: பதிவு செய்வதும் பழுது பார்ப்பதும்

அமெரிக்காவிலோ கனடாவிலோ தனி வீடு வாங்கிக் குடிபோகிறவர்கள் முன்வாசல் பூட்டை முதல் வாரத்திலேயே மாற்றிவிடுகிறார்கள். கராஜ் கதவு அப்படியே கிடக்கிறது. காரில் போய்வரும் ஊர்களில் வீட்டுக்காரர்கள் உள்ளே நுழைவது பெரும்பாலும் கராஜ் வழியாகத்தான். முன்வாசல் விருந்தாளிகளுக்கும் பார்சல் கொண்டுவருபவர்களுக்கும் என்றே ஆகிவிட்டது. அந்தக் கராஜ் கதவின் சாவி உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு ரிமோட். முன்பு குடியிருந்தவர் எத்தனை ரிமோட் வைத்திருந்தார், உங்களிடம் ஒப்படைத்தது போக மீதி யார் காரில் கிடக்கிறது, வீடு சுத்தம் செய்ய வந்தவரிடம் ஒன்று தங்கிவிட்டதா என்பதையெல்லாம் வீட்டை விற்றுக்கொடுத்த ஏஜெண்டாலும் சொல்ல முடியாது.

இந்த அத்தியாயத்தில் மூன்று வேலைகள்: பழைய ரிமோட்டுகளின் பதிவை அழிப்பது, புதியதைப் பதிவது, ரிமோட் வேலை செய்யாதபோது கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது. மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். ரிமோட்டுக்கு உங்கள் வீடு தெரியாது; மோட்டாருக்குத்தான் ரிமோட்டைத் தெரியும். பட்டனை அமுக்கியதும் ரிமோட் தன் அடையாளத்தை ரேடியோ அலையில் அறிவிக்கிறது. அதைக் கேட்டு, தன் நினைவில் உள்ள பட்டியலோடு ஒப்பிட்டு, கதவைத் தூக்குவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது கராஜ் கூரையிலிருந்து தொங்கும் மோட்டார் பெட்டி. அழிப்பதும் பதிவதும் அங்கேதான் நடக்கின்றன. கோளாறுகளில் பலவும் அங்கேயோ அதைச் சுற்றியோதான் இருக்கின்றன. ரிமோட் சரியில்லை என்றதும் புது ரிமோட் வாங்கக் கடைக்கு ஓடவேண்டாம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

மோட்டார் பெட்டியை முதலில் பாருங்கள்

உறுதியான ஏணி ஒன்றைப் போட்டு, கதவுக்கு எதிர்ப்புறமாக, பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். அங்கிருந்து மெல்லிய ஒயர் ஒன்று எதிலும் இணையாமல் தொங்கும். அது ஆன்டெனா. அதன் அருகில் விரல்நுனி அளவில் நிறமுள்ள ஒரு பட்டனும் பக்கத்திலேயே சின்ன எல்இடி விளக்கும் இருக்கும். சில மாடல்களில் இவை பல்ப்பின் மேல்மூடிக்குள் ஒளிந்திருக்கும். மூடியைக் கழற்றினால்தான் தெரியும். இந்தப் பட்டனை ‘லேர்ன்’ பட்டன் என்பார்கள். ஜீனி நிறுவனத்தின் மோட்டார்களில் ‘புரோகிராம்’ என்று எழுதியிருக்கும்.

சேம்பர்லைன், லிஃப்ட்மாஸ்டர் ஆகிய இரண்டும் ஒரே நிறுவனத்தின் பெயர்கள். சியர்ஸ் கடைகள் விற்ற கிராஃப்ட்ஸ்மேன் மோட்டார்களிலும் பெரும்பாலானவை அவர்கள் செய்தவையே. இந்தக் குடும்பத்து மோட்டார்களில் லேர்ன் பட்டனின் நிறம்தான் உங்களுக்கு வேண்டிய முதல் தகவல். மஞ்சள் என்றால் அது 2011 முதல் வந்த தலைமுறை. 310, 315, 390 மெகாஹெர்ட்ஸ் என மூன்று அலைவரிசைகளில் பேசும். ஊதா என்றால் 2005-ஐ ஒட்டி வந்தது, 315 மெகாஹெர்ட்ஸ். சிவப்போ ஆரஞ்சோ என்றால் 1990களின் பிற்பகுதியிலிருந்து 2005 வரையிலான மாடல், 390 மெகாஹெர்ட்ஸ். பச்சை அதற்கும் முந்தியது. ரிமோட் வாங்கும்போது அட்டையின் பின்புறம் எந்த நிறப் பட்டனுக்குப் பொருந்தும் என்று போட்டிருக்கும். மோட்டார் எந்தப் பிராண்டு என்று மட்டும் சொல்லி ரிமோட் வாங்கி வந்து, ஊதாவுக்கு வாங்கியதை வைத்துக்கொண்டு ஆரஞ்சோடு மல்லுக்கட்டுபவர்கள் நிறையப் பேர். எத்தனை முறை பதிந்தாலும் அது சேராது. கடைக்குப் போகுமுன் பட்டனையும் மாடல் எண் ஒட்டியிருக்கும் சீட்டையும் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: பழையதை அழிப்பது

சேம்பர்லைன் குடும்பத்து மோட்டார்களில் லேர்ன் பட்டனை ஏறத்தாழ 6 விநாடி, பக்கத்து விளக்கு அணையும்வரை, அமுக்கிப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான். அதுவரை அந்த மோட்டாருக்குப் பழக்கமான எல்லா ரிமோட்டுகளும் அன்னியமாகிவிடும். கதவுக்கு வெளியே எண்பலகை இருந்தால் அதன் ரகசிய எண்ணும் போய்விடும். உங்கள் கையில் இருக்கும் ரிமோட்டுகளும் சேர்ந்தே அழியும் என்பதால், அவற்றையெல்லாம் ஒன்று விடாமல் ஏணிக்கருகில் எடுத்துவைத்துக்கொண்டு இந்த வேலையைத் தொடங்குங்கள். கம்பியால் இணைந்த சுவர் பட்டன் இதனால் பாதிக்கப்படாது.

மோட்டார் இணையத்தோடு இணைந்த வகையாக இருந்தால் இன்னொரு படி உண்டு. முன்பு இருந்தவர் போன் செயலி மூலம் அதைத் தன் கணக்கில் சேர்த்திருக்கலாம். ரிமோட்டை அழித்தால் அந்தக் கணக்கு அழியாது. ஊர் மாறிப் போனவர் அங்கிருந்தே உங்கள் கதவைத் திறக்க முடியும். மைக்யூ என்னும் செயலி வசதி உள்ள மோட்டார்களில் ஒருமுறை 6 விநாடி பிடித்து ரிமோட்டுகளை அழித்ததும், உடனே மறுபடியும் 6 விநாடி பிடித்தால் செயலி இணைப்பும் அறுபடும்.

வீடு வாங்கியபோது மட்டுமல்ல, காருக்குள்ளிருந்து ரிமோட் திருடுபோன அன்றும் இதைச் செய்தாக வேண்டும். மறுநாளைக்குத் தள்ளிப்போடாதீர்கள். காரின் கண்ணாடியை உடைப்பவனுக்குச் சன்வைசரில் மாட்டிய ரிமோட்டும், டாஷ்போர்டுப் பெட்டிக்குள் முகவரியோடு கூடிய பதிவுச் சான்றும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. இதற்காகவே, கராஜிலிருந்து வீட்டுக்குள் போகும் உள்கதவை இரவில் தாழிடச் சொல்கிறேன். கராஜ் கதவு மூடியிருக்கிறதே என்று அந்தக் கதவைப் பூட்டாமல் விடும் வீடுகள் எனக்குக் கவலை தருகின்றன.

பதிவு செய்வது

லேர்ன் பட்டனை ஒருமுறை தட்டிவிட்டு விரலை எடுத்துவிடுங்கள். பிடித்துக்கொண்டே இருந்தால் மேலே சொன்ன அழிப்பு நடந்துவிடும். பலருக்கும் சிக்கல் வருவது இந்த இடத்தில்தான். தட்டியதும் பக்கத்து விளக்கு நின்று எரியும். இப்போது உங்களுக்கு 30 விநாடி அவகாசம். அதற்குள் ரிமோட்டில் எந்தப் பட்டனால் கதவைத் திறக்க விரும்புகிறீர்களோ அதை அமுக்கிப் பிடியுங்கள். மோட்டாரின் பெரிய பல்ப் ஒருமுறை மினுக்கும்; பல்ப் இல்லாவிட்டால் பெட்டிக்குள்ளிருந்து ‘டிக் டிக்’ என்று இரண்டு ஒலி கேட்கும். அந்தக் கணத்தில் ரிமோட்டை விட்டுவிடுங்கள். பதிவு முடிந்தது. அடுத்த ரிமோட்டுக்கு மறுபடி லேர்ன் பட்டனிலிருந்து தொடங்க வேண்டும்.

பல்ப் மினுக்கும்வரை பொறுங்கள். ரிமோட்டில் சிவப்பு விளக்கு எரிந்தாலே போதும் என்று எண்ணிவிடக் கூடாது. அந்த விளக்கு பேட்டரியில் கொஞ்சம் உயிர் இருப்பதைத்தான் சொல்கிறது. மோட்டார் கேட்டதா என்பதை மோட்டாரின் பல்ப்தான் சொல்லும்.

ஜீனி மோட்டார்களில் முறை சற்று வேறு. புதிய மாடல்களில் புரோகிராம் பட்டனைப் பிடித்து, வட்ட விளக்கு நீலமானதும் விடவேண்டும். நீள விளக்கு ஊதா நிறத்தில் மினுக்கத் தொடங்கும். பிறகு ரிமோட்டை நிதானமாக இருமுறை அமுக்கினால் விளக்குகள் நீலமாக மினுக்கி அணையும். அடுத்த அமுக்கலுக்குக் கதவு அசையும். பழைய ஜீனிகளில் பட்டனைத் தட்டியதும் சிவப்பு விளக்கு மினுக்கும். ரிமோட்டின் முதல் அமுக்கலுக்கு அது நின்று எரியும், இரண்டாவதுக்கு அணையும், மூன்றாவதுக்குக் கதவு நகரும். அவசரமாக டப்டப்பென்று தட்டினால் ஜீனி ஏற்காது. ஒவ்வொரு அமுக்கலுக்கும் விளக்கு என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்ததை அமுக்குங்கள்.

அமுக்கும்தோறும் மாறும் எண்

1990களின் பிற்பகுதிக்குப் பின் வந்த ரிமோட்டுகள் ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒரு புதிய எண்ணை அனுப்புகின்றன. ரிமோட்டும் மோட்டாரும் ஒரே கணக்கைத் தனித்தனியே போட்டு அடுத்த எண்ணை அறிந்துகொள்கின்றன. பஸ் கண்டக்டரின் சீட்டுக் கட்டு போல, ஒருமுறை கிழித்த எண் மறுபடி செல்லாது. யாராவது தெருவில் நின்று உங்கள் ரிமோட்டின் அலையைப் பதிவு செய்து மறுநாள் ஒலிபரப்பினாலும் கதவு அசையாது. முன்னேற்பாடாகச் சில எண்களை மோட்டார் கூடுதலாக ஏற்கும். நீங்கள் அலுவலகத்தில் இருக்கும்போது ரிமோட் சட்டைப் பையில் அழுந்திச் சில எண்கள் வீணானாலும் சமாளித்துவிடும். ஆனால் குழந்தை கையில் ரிமோட் மாட்டி, வீட்டிலிருந்து வெகுதூரத்தில் ஓயாமல் அமுக்கப்பட்டால் ரிமோட்டின் எண் மிகவும் முன்னே போய்விடலாம். பேட்டரி புதிது, மற்ற ரிமோட்டுகள் வேலை செய்கின்றன, இது ஒன்று மட்டும் திடீரென்று பேச மறுக்கிறது என்றால் இதையும் சந்தேகியுங்கள். மருந்து எளிது: மறுபடி பதிந்துவிடுங்கள்.

இதற்கு முந்திய தலைமுறையில் ரிமோட்டுக்குள் குட்டிக் குட்டி சுவிட்சுகள் வரிசையாக இருக்கும். மோட்டாரிலும் அதே வரிசை. இரண்டிலும் மேல், கீழ் நிலைகளை ஒரே மாதிரி வைத்தால் பதிவு முடிந்தது. எண் என்றைக்கும் மாறாது. 8 சுவிட்சுக்கு 256 சேர்க்கைகள், 12 சுவிட்சுக்கு 4,096, அவ்வளவுதான் பாதுகாப்பு. சாமி காம்கர் என்ற அமெரிக்கக் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் 2015-இல் மேட்டல் நிறுவனத்தின் ஒரு பழைய பொம்மையை மாற்றியமைத்து, இப்படிப்பட்ட கதவுகளை 10 விநாடிக்குள் திறக்க முடியும் என்று காட்டினார். உங்கள் கராஜில் இந்தச் சுவிட்ச் வகை இருந்தால் அதற்குப் புது ரிமோட் தேடி அலையாதீர்கள். மாறும் எண்ணை ஏற்கும் தனி ரிசீவர் பெட்டியைப் பழைய மோட்டாரோடு இணைக்கலாம். மோட்டார் 1993-க்கு முந்தியது என்றால் முழுவதையும் மாற்றிவிடுவதே நல்லது. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

காரிலேயே இருக்கும் பட்டன்

பல கார்களில் பின்பார்வைக் கண்ணாடியிலோ சன்வைசரிலோ சின்ன வீட்டுப் படம் போட்ட மூன்று பட்டன்கள் இருக்கும். இதுதான் ஹோம்லிங்க். தனி ரிமோட் தேவையில்லாமல் காரே ரிமோட்டாகிவிடும். பதிவு இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் காருக்கு ரிமோட்டின் பாஷையைச் சொல்லித்தர வேண்டும். பிறகு மோட்டாருக்குக் காரை அறிமுகப்படுத்த வேண்டும். முதல் கட்டத்தோடு நிறுத்திவிட்டு, வேலை செய்யவில்லை என்று கார் கம்பெனியைத் திட்டுபவர்கள் ஏராளம்.

காரை கராஜுக்கு வெளியே நிறுத்துங்கள். உள்ளேயே செய்வதானால் கதவைத் திறந்து வைத்து, இக்னிஷனை மட்டும் போட்டு, எஞ்சினை ஓடவிடாமல் செய்யுங்கள். மூடிய கராஜில் எஞ்சின் ஓடினால் கார்பன் மோனாக்சைடு சில நிமிடங்களில் ஆளைச் சாய்க்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

கார் பழையதாக வாங்கியது என்றால் முதலில் ஓரத்து இரண்டு பட்டன்களையும் சேர்த்துப் பிடித்து, விளக்கு வேகமாக மினுக்கும்வரை காத்திருந்து, பழைய பதிவை அழியுங்கள். பிறகு ரிமோட்டைக் காரின் பட்டனுக்கு 3 முதல் 8 செ.மீ. தூரத்தில் வைத்து இரண்டையும் ஒருசேர அமுக்கிப் பிடியுங்கள். காரின் விளக்கு மெதுவாக மினுக்கிக்கொண்டிருந்து வேகமாக மாறும். சில புதிய கார்களில் நிறம் மாறும். முதல் கட்டம் முடிந்தது. இப்போது மோட்டாரின் லேர்ன் பட்டனைத் தட்டிவிட்டு, 30 விநாடிக்குள் காருக்கு வந்து, அதே பட்டனை 2 விநாடி அமுக்கி விடுங்கள். தேவைப்பட்டால் இரண்டு, மூன்று முறை. இதற்கு ஒருவர் ஏணியில், ஒருவர் காரில் என்று இரண்டு பேர் இருந்தால் ஓட்டம் மிச்சம்.

கனடாவில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் சங்கதி. அங்குள்ள ரேடியோ விதிகளின்படி ரிமோட்டின் ஒலிபரப்பு சில விநாடிகளில் தானாக நின்றுவிட வேண்டும். நீங்கள் பிடித்துக்கொண்டே இருந்தாலும் அது மௌனமாகிவிடும். காருக்கு எதுவும் கேட்காது. ஆகவே காரின் பட்டனை விடாமல் பிடித்துக்கொண்டு, ரிமோட்டை மட்டும் 2 விநாடிக்கு ஒருமுறை விட்டுவிட்டு அமுக்குங்கள். டொரன்டோ பக்கம் இணையத்தில் அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துச் செய்பவர்கள் தோற்றுப்போவது பெரும்பாலும் இந்த ஒன்றால்தான்.

மஞ்சள் பட்டன் மோட்டார், அதற்கு முந்திய கார் என்ற ஜோடி நேரடியாகப் பேசாமல் போகலாம். நடுவில் மொழிபெயர்த்துத் தரும் ஒரு சிறு பெட்டி தனியே விற்கிறார்கள். காரை விற்கும்போது ஹோம்லிங்க் பதிவை அழித்துவிட்டே சாவியைக் கொடுங்கள்.

வேலை செய்யவில்லை என்றால்

சுவர் பட்டனை அமுக்கிப் பாருங்கள். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான். சுவர் பட்டனுக்கும் கதவு அசையவில்லை என்றால் கோளாறு ரிமோட்டில் இல்லை. மின்சாரம், மோட்டார், சங்கிலி, ஸ்பிரிங் இவற்றில் ஏதோ ஒன்று. கூரையில் மோட்டார் சொருகியிருக்கும் பிளக்கில் மின்சாரம் வருகிறதா, பிரேக்கர் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். மின்தடையால் ரிமோட் பதிவுகள் அழிவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

சுவர் பட்டன் வேலை செய்கிறது, ஒரு ரிமோட் மட்டும் இல்லை என்றால் பேட்டரியில் தொடங்குங்கள். இப்போதைய ரிமோட்டுகளில் பெரும்பாலும் சிஆர் 2032 நாணய பேட்டரி, 3 வோல்ட். பழையவற்றில் 12 வோல்ட் ஏ23. குளிர்காலத்தில் காருக்குள்ளேயே கிடக்கும் ரிமோட்டின் பேட்டரி உறைகுளிரில் சோர்ந்துபோகும். கதகதப்பான வீட்டுக்குள் கொண்டுவந்து சிறிது நேரம் வைத்தால் மறுபடி வேலை செய்யும். அப்படி நடந்தால் பேட்டரி முடியும் தறுவாயில் இருக்கிறது என்று பொருள். மாற்றும்போது தகட்டில் பச்சையோ வெள்ளையோ படிந்திருந்தால் பென்சில் அழிப்பானால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள்.

எல்லா ரிமோட்டுகளும் ஒரே நேரத்தில் செத்துவிட்டால் பேட்டரிகளின் மேல் பழி போடாதீர்கள். எல்லாம் ஒரே நாளில் தீராது. முதலில் சுவர் பட்டன் பலகையைப் பாருங்கள். அதில் பூட்டுப் படமோ ‘லாக்’ என்ற எழுத்தோ உள்ள பட்டன் இருக்கும். வெளியூர் போகும்போது ரிமோட்டுகள் எதற்கும் கதவு திறக்காமல் இருக்க அந்த ஏற்பாடு. பெருக்கும்போது விளக்குமாற்றுக் கட்டை பட்டோ, குழந்தை விளையாடியோ அது அமுங்கிவிடும். பல மாடல்களில் அப்போது சுவர் பலகையின் சின்ன விளக்கு விட்டுவிட்டு மினுக்கிக்கொண்டே இருக்கும். அந்தப் பட்டனை மறுபடி சில விநாடி பிடித்தால் பூட்டு விலகிவிடும். டெக்னீஷியனுக்கு வருகைக் கட்டணம் கொடுத்துத் தெரிந்துகொள்ளும் விஷயங்களில் எனக்கு அதிகம் மனம் பொறுக்காதது இது.

பூட்டு இல்லை என்றால், எல்லா ரிமோட்டுகளிலிருந்தும் பேட்டரிகளைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுப் பாருங்கள். ஒரு ரிமோட்டின் பட்டன் உள்ளே சிக்கி, ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டிருந்தால் மற்ற எதுவும் மோட்டாரின் காதில் விழாது. மேசை இழுப்பறையில் எதற்கடியிலோ நசுங்கிக் கிடக்கும் பழைய ரிமோட்டையும் தேடி எடுங்கள்.

தூரம் குறைந்துபோவது தனிக் கதை. முன்பு தெருமுனையிலிருந்தே திறந்த கதவு இப்போது கதவுக்கு முன்னால் வந்து நின்றால்தான் திறக்கிறது. பேட்டரியை மாற்றியும் அதே நிலை என்றால், மோட்டார் பெட்டியில் அண்மையில் எல்இடி பல்ப் போட்டீர்களா என்று யோசியுங்கள். மலிவான எல்இடி பல்ப்புகளின் அடிப்பகுதியில் இருக்கும் மின்சுற்று ரேடியோ இரைச்சலை உமிழும். ஆன்டெனாவுக்குச் சில சென்டிமீட்டரில் அந்த இரைச்சல் இருந்தால் உங்கள் ரிமோட்டின் மெல்லிய குரல் அமுங்கிப்போகும். ஒரு குறிப்பைக் கவனித்தால் கண்டுபிடித்துவிடலாம்: கதவைத் திறந்த புதிதில், பல்ப் எரிந்துகொண்டிருக்கும்போது ரிமோட் கேட்காது, சில நிமிடம் கழித்துப் பல்ப் தானாக அணைந்தபின் கேட்கும். பல்ப்பைக் கழற்றிவிட்டுத் தெருவிலிருந்து அமுக்கிப் பாருங்கள். தூரம் திரும்பிவிட்டால் கராஜ் மோட்டாருக்கென்றே விற்கும் எல்இடி பல்ப்பை வாங்குங்கள். அப்படியே ஆன்டெனா ஒயர் மேலே சுருண்டு கிடக்கிறதா என்றும் பாருங்கள். அது நேராகத் தொங்க வேண்டும். வெட்டவோ எதிலும் சுற்றவோ கூடாது. வைஃபை ரவுட்டரைப் பலர் சந்தேகிக்கிறார்கள். அதன் அலைவரிசை இதற்கு வெகுதூரம் என்பதால் அது பொதுவாகக் குற்றவாளி இல்லை.

தெருவில் எல்லோர் வீட்டிலும் ஒரே நேரத்தில் ரிமோட் நின்றுவிட்டால் காரணம் வெளியே இருக்கிறது. 2019 வசந்த காலத்தில் ஒஹாயோ மாநிலம் கிளீவ்லேண்டுக்கு அருகே நார்த் ஓல்ம்ஸ்டெட் என்ற ஊரில் கராஜ் ரிமோட்டுகளும் கார் சாவிகளும் வாரக்கணக்கில் முரண்டுபிடித்தன. தேடிப் போனவர்கள் கண்டது, உள்ளூர்வாசி ஒருவர் தன் வீட்டில் மாடிக்கு யாராவது வந்தால் தெரிவதற்காகத் தானே செய்துவைத்த ஒரு சிறு கருவி. அது 315 மெகாஹெர்ட்ஸில் இடைவிடாமல் ஒலிபரப்பிக்கொண்டிருந்தது; அக்கம்பக்கத்துத் தொல்லைக்குத் தான்தான் காரணம் என்பது அவருக்கே தெரியாது. அதற்கு முன்பு, 2004-05 வாக்கில், அமெரிக்க ராணுவம் தனக்குரிய 380 முதல் 400 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் புதிய ரேடியோக்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது, படைத்தளங்களைச் சுற்றியிருந்த 390 மெகாஹெர்ட்ஸ் ரிமோட்டுகள் தடுமாறின. கராஜ் ரிமோட்டுக்கு அந்த அலைவரிசையில் உரிமம் எதுவும் இல்லை; உரிமம் பெற்றவர்களின் இடைஞ்சலை அது பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதே சட்டம். மஞ்சள் பட்டன் தலைமுறை மூன்று அலைவரிசைகளில் பேசுவதன் பயன் இங்கேதான் தெரிகிறது: ஒன்று அடைபட்டாலும் இன்னொன்று போய்ச் சேரும்.

திறக்கிறது, மூட மறுக்கிறது

இதை ரிமோட் கோளாறு என்று எண்ணுபவர்கள் மிக அதிகம். கதவைத் திறக்க முடிந்த ரிமோட் மூடவும் முடியும். இரண்டுக்கும் ஒரே பட்டன், ஒரே செய்தி. மூட மறுப்பது மோட்டார், அதுவும் காரணத்தோடு. கதவின் இருபுறமும் தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்துக்கு மேற்படாமல் இரண்டு சின்னக் கண்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றை. அது தடைபட்டால் கதவு இறங்காது, இறங்கிக்கொண்டிருந்தாலும் மேலே திரும்பிவிடும். தானாக மூடும் கதவுக்கடியில் குழந்தைகள் நசுங்கி இறந்த பிறகு அமெரிக்காவில் சட்டம் வந்து, 1993 முதல் செய்யப்படும் வீட்டு மோட்டார்களில் இந்தக் கண்களோ, பட்டதும் உணரும் விளிம்போ கட்டாயமானது. அதற்கு முந்திய மோட்டாரை மாற்றச் சொன்னதற்கு இதுதான் காரணம்.

சேம்பர்லைன் குடும்பத்தில், கண்கள் தடைபட்டிருக்கும்போது ரிமோட்டால் மூட முயன்றால் மோட்டாரின் பல்ப் 10 முறை மினுக்கும். குனிந்து கண்களைப் பாருங்கள். அனுப்பும் கண்ணில் மஞ்சள் விளக்கு, வாங்கும் கண்ணில் பச்சை. பச்சை அணைந்தோ துடித்தோ இருந்தால் இரண்டும் நேருக்கு நேர் இல்லை. குப்பைத்தொட்டியோ சைக்கிளோ இடித்து ஒன்று திரும்பியிருக்கும். பிடிப்பைத் தளர்த்தி, பச்சை அசையாமல் எரியும்வரை மெல்லத் திருப்பி முடுக்குங்கள். அதற்கும் முன்னால் கண்ணாடியை மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள். சிலந்தி வலையின் ஒரு இழையும், உப்புத்தண்ணீர் தெறித்துக் காய்ந்த வெள்ளைப் படலமும் போதும், கதவை நிறுத்த. மாலையில் மட்டும் மூட மறுக்கிறது என்றால் சாயும் வெயில் வாங்கும் கண்ணுக்குள் நேராக விழுகிறது. இரண்டு கண்களையும் இடம் மாற்றிப் பொருத்தினால் சரியாகும்.

அவசரத்துக்குச் சுவர் பட்டனை விடாமல் அமுக்கிப் பிடித்தால் கண்கள் மறுத்தாலும் கதவு இறங்கும். கதவு தரையைத் தொடும்வரை அதைப் பார்த்துக்கொண்டே நின்று செய்யுங்கள். அதையே வழக்கமாக்காதீர்கள். கண்களின் ஒயரை மோட்டாரில் முறுக்கிக் கட்டி ஏமாற்றும் வித்தையை யாராவது சொல்லித்தந்தால் கேட்காதீர்கள். மாதம் ஒருமுறை, 4 செ.மீ. கனமுள்ள ஒரு கட்டையைக் கதவுக்கடியில் படுக்கவைத்து மூடிப் பாருங்கள். கதவு கட்டையைத் தொட்டதும் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் சரிசெய்யும்வரை அந்த மோட்டாரைப் பயன்படுத்தாதீர்கள்.

நீங்கள் தொடக் கூடாத இடம்

மோட்டார் தண்டவாளத்திலிருந்து தொங்கும் சிவப்புக் கைப்பிடி கதவை மோட்டாரிலிருந்து பிரித்துவிடும். மின்சாரம் போனாலும் கையால் தூக்கிக்கொள்ளலாம். 2017 காட்டுத்தீயில் மின்சாரமின்றிக் கதவைத் திறக்க முடியாமல் சிலர் இறந்தபின், கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் விற்கும் புதிய மோட்டார்களில் மாற்று பேட்டரி கட்டாயம். வீட்டில் உள்ள எல்லோருக்கும், முதியவர்களுக்கும், அந்தக் கைப்பிடியைக் காட்டி ஒருமுறை இழுத்துப் பழக்குங்கள். கதவு மூடியிருக்கும்போது மட்டும் இழுக்க வேண்டும். மேலே திறந்த நிலையில், ஸ்பிரிங் அறுந்திருந்தால், முழுக் கதவும் ஒரே வீச்சில் விழும்.

கதவுக்கு மேலே குறுக்காக ஓடும் தடித்த ஸ்பிரிங்கில் இடைவெளி தெரிந்தாலோ, கதவைக் கையால் தூக்கமுடியாமல் கனத்தாலோ, உங்கள் வேலை அதோடு முடிந்தது. அந்த ஸ்பிரிங்கில் முறுக்கி வைத்த விசை எலும்பை முறிக்கும். டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். போனிலேயே நான்கு விஷயங்களைச் சொல்லிவிடுங்கள்: மோட்டாரின் மாடல் எண், லேர்ன் பட்டனின் நிறம், சுவர் பட்டன் வேலை செய்கிறதா, மூட முயலும்போது பல்ப் எத்தனை முறை மினுக்குகிறது. இவை தெரிந்தால் அவர் சரியான பாகத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார். இன்னொரு வருகைக்கான கட்டணம் உங்களுக்கு மிஞ்சும்.